காலண்டர் தாளும் கடைவாய்ப் பல்லும்

முதலில் என் கண்ணில் பட்டது நிறம்தான். வீட்டுக்குப் பின்னால், துவைகல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று என் மனைவி பல் தேய்த்துத் துப்பினாள். வெள்ளையாக விழவேண்டிய நுரை இளஞ்சிவப்பாக விழுந்தது. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் ரத்தம் என்று பதறியிருப்பான். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில், ஆப்செட் மிஷின் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகக் கலர் பார்த்தவன். என் வாயிலிருந்து வந்தது ஒரு அச்சு மையின் பெயர்தான்:

"என்ன, மெஜந்தா ஏறியிருக்கு?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. நுரையில் கலந்திருந்தது ரத்தம் என்பது என் மண்டைக்குள் போய்ச் சேர அரை நிமிஷம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் துவைகல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பயப்படுவதில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. இந்தப் பிள்ளை உண்டான புதிதில் அவள் வாந்தி எடுத்தபோது, சாப்பாட்டில் ஏதோ விஷம் என்று முடிவுகட்டி ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். சாத்தூருக்குப் பாதி தூரம் போனபிறகுதான் அவள் என் காதில் விஷயத்தைச் சொன்னாள். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி, சிரித்துக்கொண்டே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து ஊரில் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் "வெசம் எறங்கிருச்சா?" என்று விசாரிப்பார்.

இதெல்லாம் இரண்டாயிரத்தைத் தாண்டி ஐந்தாறு வருஷம் கழித்து நடந்தவை. அச்சங்குளத்துப் பக்கம் வீடு. நான் தினமும் பஸ் பிடித்துச் சிவகாசிக்குப் போவேன். அவள் பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். மாதம் மூன்றானதும் நிறுத்திவிட்டோம். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் அவள் வாசலுக்குப் போய் நிற்பாள். வேனில் இருக்கிற பெண்களோடு ஒரு நிமிஷம் பேசாவிட்டால் அவளுக்கு அன்றைக்குப் பொழுது விடியாது.

அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நாளாக விட்டிருந்தாள். ஹாரன் அடித்தாலும் உள்ளேயே இருந்தாள். என்னோடு பேசும்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே பேசினாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். நான் செய்த தப்புகளை மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்து, ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கே தெரியாத இரண்டு தப்புகளை அதில் நானாக ஒப்புக்கொண்டதுதான் மிச்சம்.

காரணம் கடைசியில் அன்றைக்குத் துவைகல் பக்கத்தில்தான் தெரிந்தது. பிரஷ் வாய்க்குள் போனாலே குமட்டுகிறது, அதனால் பல் தேய்ப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். தேய்த்தால் ரத்தம் வருகிறது, அதனால் இன்னும் குறைத்திருக்கிறாள். வாயில் ஒரு நாற்றம் தங்கிவிட்டது. வேனில் இருக்கிற பெண்கள் மூக்கைச் சுளித்துவிடுவார்களோ என்று வாசலுக்கே போகவில்லை. இடது பக்கம் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி வேறு. அந்தப் பக்கமாக மென்று ஒரு மாதம் ஆகிறது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா ஆட்டோவக் கூப்புடுவீக."

அன்று சாயங்காலம் அச்சகத்திலிருந்து வரும்போது லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அச்சான தாளில் புள்ளி விழுந்திருப்பது சரியா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கிற சின்ன லென்ஸ் அது. மடக்கினால் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. சாமி படத்தின் உதட்டில் ஒரு நூல் அளவு கலர் நகர்ந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். மனைவியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஈறைப் பார்த்தேன்.

பார்த்திருக்கக்கூடாது. ஈறு முழுக்கச் சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வருகிற மாதிரி பளபளத்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் மாதுளை முத்து மாதிரி ஒரு கட்டி. லென்ஸில் அது மாதுளையாகவே தெரிந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வியாதியின் பெயரும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. இன்னும் கிட்டே குனிந்ததில் லென்ஸ் அவள் மூக்கில் இடித்தது.

"வாயத் தொறந்திருக்கிறது நான். நீங்க எதுக்குத் தொறந்திட்டு நிக்கீக?" என்று சொல்லி லென்ஸை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிற நாள். எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா, என் மனைவியைத் தராசில் ஏற்றிவிட்டு, மாதாமாதம் எடை குறிக்கிற கர்ப்ப அட்டையைப் பார்த்தார். திரும்பவும் ஏறச் சொன்னார். போன மாதத்தைவிட ஒரு கிலோ குறைந்திருந்தது. கூடவேண்டிய மாதத்தில் குறைந்திருக்கிறதே, சாப்பிடுவதில்லையா என்று கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்: சாப்பிட முடியாமல்தான் எடை குறைகிறது, பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இத்தோடு சுலபமாக முடிந்திருக்கவேண்டிய விஷயம். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு காலண்டர் தாள்.

என் மாமியார் மகளைப் பார்த்துக்கொள்ள அப்போது எங்களோடு வந்து இருந்தார். தைரியசாலி. பாம்பைக் கையால் பிடித்து வெளியே விடுகிற ரகம். நான்கு பிள்ளை பெற்றவர். நான்கு பிரசவத்துக்கும் ஒவ்வொரு பல் போனதாகக் கணக்குச் சொல்வார். அதை ஒரு குறையாகவே சொல்லமாட்டார். பிள்ளைக்கு எலும்பு எங்கிருந்து வரும், தாயின் பல்லிலிருந்துதான் வரும் என்பது அவர் கட்சி. நர்ஸம்மா சொன்னதைக் கேட்டதும் எழுந்து போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். அதற்குள் ஊக்கு குத்திய ஒரு கட்டுத் தாள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள்களில், பின்பக்கம் உபயோகமான சங்கதி இருந்தால் அவர் குப்பையில் போடுவதில்லை. பல்லி விழும் பலன், தேள் கடிக்கு மருந்து, கறை போக்கும் வழி எல்லாம் அதில் இருந்தது. நடுவிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். "கர்ப்பிணிகள் கவனத்திற்கு. கருவுற்ற காலத்தில் பல் பிடுங்குதல் ஆகாது. பல் சுத்தம் செய்தல் ஆகாது. பல் வைத்தியம் எதுவானாலும் பிரசவம் வரை ஆகாது."

"பாத்தீகளா மாப்ள? நர்ஸம்மா சின்னப்புள்ள. அதுக்கு என்ன தெரியும்? இது அச்சுல வந்தது" என்றார் மாமியார்.

தாள் எங்கள் அச்சகத்துத் தாள். வரி நான் எழுதிய வரி.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஆடிக்கு அப்புறம் காலண்டர் சீசன். தூக்கம் கிடையாது. தினசரி காலண்டர் தாளில் முன்பக்கம் தேதி, ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் முறைப்படி வந்துவிடும். பின்பக்கத்துக்குத்தான் சரக்கு வேண்டும். மருத்துவக் குறிப்பு, சமையல் குறிப்பு, சிரிப்புத் துணுக்கு என்று கலந்து போடுவோம். பழைய காலண்டர்களிலிருந்து எடுப்போம். போன சீசனில் ஒரு ராத்திரி ஷிப்டில், பின்பக்கம் ஒன்று வெள்ளையாக இருப்பதை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். பிளேட் போடவேண்டும், மிஷின் நிற்கிறது.

"ஏலே, நாலு வரி போடுலே. வெள்ளையா விட்டா பார்ட்டி கேப்பான்" என்றார். ஆர்டர் கொடுக்கிறவரை நாங்கள் பார்ட்டி என்போம்.

என்ன எழுதுவது என்று டீ குடித்துக்கொண்டே யோசித்தேன். சின்ன வயதில் யாரோ ஒரு சித்தி, மாசமாக இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது என்று சொன்னது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. அதை எடுத்து நான்கு வரியாக இழுத்தேன். இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரு விஷயம்: எதையாவது செய்யுங்கள் என்று போட்டால் செய்துபார்த்துவிட்டு யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆகாது என்று போட்டால் ஒருத்தரும் வருவதில்லை. எனக்கு அப்போது பிள்ளையும் இல்லை, பல்வலியும் இல்லை. பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டேன்.

அது ஒரு வருஷம் கழித்து ஊக்கு குத்திக்கொண்டு என் வீட்டுக்கே வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

அங்கேயே, அப்போதே, இது நான் எழுதியது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மாமியார் முன்னால் என் மரியாதை ஏற்கெனவே ஆட்டோவோடு போய்விட்டது. மிச்சமிருந்ததையும் இழக்க மனம் வரவில்லை. "யோசிச்சுச் செய்வோம் அத்தை" என்றேன். என்னைப் போன்ற கோழைகளுக்கு யோசிப்பது என்பது ஒரு பெரிய ஒளிவிடம்.

நான் யோசித்துக்கொண்டிருந்த மூன்று நாளில் மனைவியின் இடது கன்னம் வீங்கிவிட்டது. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் வைத்திருந்தது. சோறு இறங்கவில்லை. கஞ்சித்தண்ணியைக்கூட வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மாமியார் கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொடுத்தார், கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். பல் டாக்டர் மட்டும் வேண்டாம். நான் கிராம்பு வாங்கக் கடைக்கு நாலு தடவை ஓடினேன். ஓடுவது எனக்கு ஆறுதலாக இருந்தது. எதையோ செய்கிற மாதிரி ஒரு தோற்றம் அதில் இருந்தது.

மூன்றாம் நாள் அச்சகத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை. மாமியார் அச்சில் வந்ததைத்தான் நம்புவார் என்றால், அச்சிலேயே இன்னொன்றைக் கொடுத்துவிடுவோம். அதே அளவுத் தாள், அதே எழுத்து. "கர்ப்பிணிகள் பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது" என்று நான்கு வரி. ஒரு தாள் அடித்துக் கொண்டுபோய் வீட்டுக் காலண்டரில் செருகிவிட்டால் மறுநாள் மாமியாரே கிழித்து, படித்து, மனம் மாறிவிடுவார். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி சொன்னேன். இரண்டாம் வரி என்ன என்று அவன் கேட்டான்.

எனக்கு இரண்டாம் வரி தெரியவில்லை. ஏன் நல்லது, எந்த மாதத்தில் நல்லது, ஊசி போடலாமா, மாத்திரை சாப்பிடலாமா, எதுவும் தெரியாது. போன தடவையும் தெரியாமல்தான் எழுதினேன். அப்போது தெரியாமல் இருந்தது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. இப்போது அந்த வரியைப் படிக்கப்போகிறவள் கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்தாள். எழுந்து வெளியே வந்தேன்.

சிவகாசியில் ஒரு நோட்டுப்புத்தகக் கடைக்கு மாடியில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார். சின்ன வயசு. எனக்குப் பல் டாக்டர் என்றாலே காலுக்குக் கீழே தரை நகரும். படி ஏறும்போது இரண்டு தடவை திரும்பி இறங்கினேன். மூன்றாம் தடவை ஏறி உள்ளே போய், வந்த விஷயத்தை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, அச்சகத்திலிருந்து வருகிறேன், காலண்டருக்கு ஒரு மருத்துவக் குறிப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கர்ப்பமாக இருக்கிறவர்கள் பல்லுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, நாலு வரி.

"நாலு வரி போதுமா?" என்றார்.

"எடம் அம்புட்டுதான் இருக்கு டாக்டர்."

அவர் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். மாசமாக இருக்கும்போது உடம்பில் நடக்கிற மாற்றத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், ரத்தம் வரும். வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கும். ரத்தம் வருகிறதே என்று தேய்க்காமல் விட்டால்தான் மோசமாகும். சுத்தம் செய்யலாம், அடைக்கலாம், வேண்டியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்கலாம். நடு மாதங்கள் அதற்குத் தோதான காலம். சீழை வாயில் வைத்துக்கொண்டு பிரசவம் வரை காத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். ஈறு நோய்க்கும் பிள்ளை முந்திப் பிறப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வலியில் சாப்பிடாத தாய்க்குச் சத்து எங்கிருந்து வரும்?

நான் கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன். ஒரு வரியும் எழுதவில்லை. ஈறில் மாதுளை முத்து மாதிரி ஒரு கட்டி வந்தால் அது என்னவாக இருக்கும் என்று, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அப்படிச் சிலருக்கு வரும், பார்க்கத்தான் பயமாக இருக்கும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்கிவிடும், ஆனாலும் நேரில் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"காலண்டருக்கா?"

"உங்க வீட்ல."

அதற்குமேல் நடிக்க என்னால் முடியவில்லை. கன்னம், காய்ச்சல் மாதிரி சூடு, கஞ்சித்தண்ணி, ஒரு கிலோ, காலண்டர் தாள், நான் எழுதிய நாலு வரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன் என்று பிற்பாடு அவர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வியர்த்ததாகத்தான் ஞாபகம். நாளைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், அட்டையை மறக்காதீர்கள், இன்னொரு நாள் யோசிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தத் தாளில் இருப்பதை எழுதியது நான்தான் அத்தை என்று சொன்னேன்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, பரிவு இருந்தது.

"நீங்க நல்லவுக மாப்ள. பொண்டாட்டிக்காக இப்பிடி ஒரு பளியத் தூக்கித் தலையில போட்டுக்கிடுதீக."

"இல்ல அத்தை. நெசமாவே நான்தான் எளுதினேன்."

"அச்சடிச்சு ஊரு பூரா குடுக்கான். ஆராயாமலா போடுவான்?"

"ஆராயாமத்தான் போட்டேன்."

அவர் நம்பவில்லை. தன் மருமகன் எழுதியது அச்சில் வரும் அளவுக்கு நாடு கெட்டுப்போகவில்லை என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். அப்போது உள்ளறையிலிருந்து என் மனைவி கன்னத்தில் துணியை வைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். அவள் பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது. வாய் சரியாகத் திறக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இவுக எளுதினதுதாம்மா. அதுல எத்தன ஆகாது இருக்கு பாரு. என்ன கேட்டாலும் இவுகளுக்கு வாயில மொத வர்றது அதுதான."

மாமியார் தாளை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அத விடு" என்றாள் மனைவி. "எனக்குப் பசிக்குதும்மா. மூணு நாளாப் பசிக்குது. உள்ள இருக்கிறதுக்கும் பசிக்கும்ல?"

மாமியார் முறத்திலிருந்த பருப்பைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் மகளின் முழங்கையைப் பிடித்துக் கட்டிலில் கொண்டுபோய் உட்காரவைத்தார். நானும் வருவேன், அந்த டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்றார். கேள்வி என்னைப் பற்றியும் இருக்குமோ என்று எனக்கு ஒரு பயம்.

மறுநாள் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். மாமியார் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மேஜைமேல் விரித்து, இதற்கு என்ன பதில் என்று கேட்டார். டாக்டர் படித்தார்.

"இது தப்பும்மா. யாரோ தெரியாம எழுதியிருக்காங்க."

மாமியார் மெதுவாகத் திரும்பி, கதவோரம் நின்ற என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"இந்தா நிக்காக" என்றார்.

அதோடு அவர் அந்தத் தாளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

டாக்டர் கர்ப்ப அட்டையைப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வேலையைத் தொடங்கினார். இடது பக்கம் சாய்ந்த மாதிரி ஒரு தலையணை வைத்து மனைவியை நாற்காலியில் படுக்கவைத்தார். சீழை எடுப்பதற்கு முன்னால் மரத்துப்போகப் போடுகிற ஊசியை வெளியே எடுத்தார். தைரியம் சொல்லலாம் என்று நான் பக்கத்தில் போனேன். ஊசி முனையில் ஒரு துளி மருந்து நின்றது தெரிந்தது. அப்புறம் எனக்குத் தெரிந்தது மின்விசிறி. வெளியே பெஞ்சில் என்னைப் படுக்கவைத்து மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காத்திருந்த ஒரு அம்மாள், "இவுகளுக்கு எத்தனாவது மாசம்?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சீழை வடித்து, மாசமாக இருக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தபிறகு இன்னொரு நாள் போனபோது அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். காப்பாற்ற முடியாத அளவுக்குக் கெட்டிருந்தது. ஈறைச் சுத்தம் செய்தார்கள். மாதுளை முத்தைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இதை இப்போது தொடவேண்டாம் என்றார்கள். இரண்டு தடவையும் என் மனைவி நாற்காலியிலிருந்து தானாக எழுந்து வந்தாள். நான் இரண்டாம் தடவை மாடிக்கே போகவில்லை. கீழே நோட்டுப்புத்தகக் கடையில் நின்று, தேவையில்லாமல் நான்கு கணக்கு நோட்டு வாங்கினேன்.

வாந்தி எடுத்ததும் உடனே பல் தேய்க்கக்கூடாது, முதலில் தண்ணீரால் கொப்பளிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் குமட்டினால் கொஞ்ச நேரம் கழித்துத் தேய்க்கலாம். பெரிய பிரஷ் தொண்டையைத் தொடுவதால்தான் குமட்டல், அதனால் குழந்தைகள் பிரஷ் வாங்குங்கள் என்றும் சொன்னார். நான் பச்சை நிறத்தில், கைப்பிடியில் கிளி உட்கார்ந்திருக்கிற பிரஷ் ஒன்று வாங்கிவந்தேன். அதைப் பார்த்து மாமியார் ஆடிப்போய்விட்டார். பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இது பிள்ளைக்கில்லை, பிள்ளையின் அம்மாவுக்கு என்று விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் சமாதானமான பிறகு, தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார்.

பல் பிடுங்கிய நான்காம் நாள் மாமியார் கருவாட்டுக் குழம்பு வைத்தார். மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தைச் சந்தேகத்தோடு வலது பக்கம் வைத்தாள். அப்புறம் இடது பக்கம் தள்ளினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிடுகிறவளை இப்படியா பார்ப்பது என்று அவள் திட்டினாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை, அவளே போட்டுக்கொண்டாள். குழம்புச்சட்டி காலியானதில் அன்று எனக்கும் மாமியாருக்கும் ரசம்தான். அதைவிட ருசியான ரசத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

அடுத்த எடை பார்க்கிற நாளில் முள் மேலே போயிருந்தது. நர்ஸம்மா அட்டையில் எழுதிவிட்டுத் தலையாட்டினார். அந்த வாரமே வேன் ஹாரன் கேட்டு அவள் வாசலுக்குப் போனாள். வெகுநேரம் வேன் நகரவில்லை. ஜன்னல் வழியாகப் பெண்கள் எட்டிப் பார்த்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி தங்கள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அந்த மாதமே டாக்டர் அம்மாவின் மாடிப்படி ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி மாசமாக இருந்தவள். அவள் வீட்டிலும் அந்தத் தாளைக் கிழித்து வைத்திருந்தார்களாம்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. லென்ஸோடு வந்த பயம் மாதிரி இல்லை இது. சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்தது. எத்தனை சுவரில் தொங்கியிருக்கும், எத்தனை கஞ்சித்தண்ணி? முதலாளியிடம் போய்ச் சொன்னேன். திட்டினார். அடுத்த சீசனில் பின்பக்கத்துக்கு வந்த மருத்துவக் குறிப்பையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி அந்த டாக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். பாதியைப் பேனாவால் அடித்துத் திருப்பித் தந்தார். வெள்ளையாகக் கிடந்த பக்கங்களில் கோலம் போட்டுவிட்டோம். எந்தப் பார்ட்டியும் ஏன் என்று கேட்கவில்லை.

பிள்ளை நாள் நிறைந்து, சாத்தூரில் பெண்ணாகப் பிறந்தாள். நர்ஸ் எடை சொன்னபோது மாமியார் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு அந்த மாதுளை முத்து நாளுக்கு நாள் வற்றி, ஒரு மாதத்தில் இருந்த இடம் தெரியவில்லை. நான் பரணிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு தடவை சரிபார்க்கலாமா என்று கேட்டதற்கு, பிள்ளையைப் பிடிங்க என்று கையில் கொடுத்துவிட்டாள்.

பிள்ளைக்கு நாற்பது நாள் இருக்கும். மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டு நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அடுப்பங்கரைப் பக்கம் 'கடக்'கென்று ஒரு சத்தம். துள்ளி எழுந்து ஓடினேன். என் மனைவி கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு நின்றாள்.

"பல்லு ஒடஞ்சிருச்சா?" என்றேன்.

"கருப்பட்டி ஒடஞ்சிருச்சு" என்றாள். மிச்சத் துண்டை இடது பக்கம் தள்ளி, என் கண்முன்னாலேயே இன்னொரு தடவை கடித்தாள்.